அம்மா குடும்பத்தில் சேர்த்தியா?

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். மகன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி வீடு. வாசலில் கிரில் கேட். உள்ளே நாலு ரூம், இரண்டு ஏ.சி., சுவரில் பேரப்பிள்ளைகளின் போட்டோ. அவ்வளவு பெரிய வீட்டில் குடியிருப்பது ஒரே ஒரு ஆள்... எழுபது வயது அம்மா!

இந்த வீட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெயர் வேண்டுமானால் மாறும். ஆலங்குடி, பொன்னமராவதி, கீரமங்கலம், கோட்டைப்பட்டினம்... புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இப்படி ஒரு வீடு உண்டு.

"ஆத்தா, பேசாம இங்க வந்துரு. நான் ஸ்பான்சர் பண்றேன்" என்பார் அமெரிக்காவில் இருக்கிற மகன். "நான் வந்து அங்க என்னடா பண்ணப்போறேன்?" என்பார் அம்மா. பாத்ரூமில் ஒருநாள் வழுக்கி விழுகிறவரை இந்தப் பேச்சு இப்படியே ஓடும். விழுந்த பிறகு, பேப்பர் வேலை ஆரம்பமாகிவிடும்.

முதல் கேள்வியே விநோதமானது. 'இவர் உங்கள் அம்மாதான் என்பதற்கு என்ன ஆதாரம்?'

மகனுடைய பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கிராமத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு ஏது சர்ட்டிஃபிகேட்? இருந்தாலும் அதில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் லட்சுமி, ஆதாரில் லெட்சுமி, பத்திரத்தில் லெச்சுமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று தாலுகா ஆபீஸ், நோட்டரி, பள்ளிக்கூட ரிக்கார்டு என்று அலைந்து நிரூபிக்க வேண்டும்!

இந்த அலைச்சலை விடுங்கள். அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. கடல் கடந்து போய் ஒரு நாட்டில் வேலை செய்கிறான் ஒருவன். அவனுக்குக் குடும்பம் உண்டு என்பதை அந்த நாடு ஒப்புக்கொள்கிறது. சரி, அந்தக் குடும்பத்தில் யார் யார் சேர்த்தி? மனைவியா? பிள்ளைகளா? பெற்ற தாய் அதில் உண்டா, இல்லையா?

'இதென்ன கேள்வி, அம்மா இல்லாமல் குடும்பமா?' என்கிறீர்களா? சட்டங்கள் அப்படி நினைக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகப் பெரும்பாலும் அவை சொன்ன பதில்... ஊஹும், இல்லை!

*

முதலில் நம்ம ஊர் ஆட்கள் எப்படிக் கிளம்பினார்கள் என்று பார்த்துவிடலாம்.

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. காவிரி பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் இந்தப் பக்கம் பெரும்பகுதிக்கு ஏரி, கண்மாய்த் தண்ணீர்தான். மழை பொய்த்தால் கதை முடிந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தில் ஊர் ஊராகக் காலியாயிற்று. கண்டிச் சீமைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஜனங்கள் நடையைக் கட்டினார்கள். கடற்கரைப் பக்க முஸ்லிம் ஊர்களில் இப்படி வெளிநாடு போவதற்கு 'சபுர்' என்று பெயர். போய் வருகிறவர் சபுராளி.

அன்றைக்கு விசாவும் கிடையாது, ஸ்பான்சர் என்ற வார்த்தையும் கிடையாது. ஆனால் அந்த வேலையைச் செய்ய ஓர் ஆள் இருந்தார். கங்காணி! தோட்டத்துத் துரையிடம் பணம் வாங்கிக்கொண்டு தன் சொந்த ஊருக்கு வருவார். மாமன், மச்சான், பங்காளி என்று ஆள் சேர்ப்பார். வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் தொழிலாளி தலையில் கடனாக ஏறும். இலங்கையில் அந்தக் கடன் கணக்குச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. 1921-ல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

ஆள் சேர்ப்பது பிறகு பெரிய நிர்வாகமாகவே ஆயிற்று. 1904-ல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் திருச்சியைத் தலைமையிடமாக வைத்து ஒரு கமிஷனே தொடங்கினார்கள். 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்டார்கள். மண்டபத்தில் முகாம் போட்டு, ஆளைப் பரிசோதித்து அனுப்பினார்கள்.

இதில் வயதான அம்மாவுக்கு இடம் இருந்ததா? இருந்தது, கொழுந்து பறிக்கக் கையில் பலம் இருக்கிறவரை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு வருவதுதான் பிடிக்கும். குடும்பம் என்றால் நாலைந்து ஜோடிக் கைகள் இல்லையா? மலாயாவில் 1907-ல் முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். தொழிலாளியை இலவசமாகக் கப்பலேற்றிக் கொண்டுவர அந்தப் பணம் பயன்பட்டது. உழைக்க முடியாமல் போனவரை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் அதே பணம்தான்! வயசாகிவிட்டால் அந்த ஊரில் உனக்கு என்ன வேலை என்பதுதான் கணக்கு.

*

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வெள்ளைக்காரக் குடியேற்ற நாடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஆஸ்திரேலியா 1901-ல் ஒரு சட்டம் போட்டது. வருகிறவர் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் அதிகாரி சொல்லச் சொல்ல 50 வார்த்தை எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். வேண்டாத ஆளுக்கு அவருக்குத் தெரியாத மொழியைக் கொடுத்தால் வேலை முடிந்தது! கனடா 1908-ல், 'சொந்த நாட்டிலிருந்து எங்கும் நிற்காமல் நேராக வந்தால்தான் உள்ளே விடுவோம்' என்றது. 1914-ல் கோமகட்டா மாரு கப்பலில் வந்த இந்தியர்களை வான்கூவர் துறைமுகத்திலேயே இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியதும் இந்த விதியைக் காட்டித்தான்.

இதில் ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்களின் பாடு? தான் இருக்கலாம். மனைவியைக்கூட அழைத்துக்கொள்ள முடியாது.

முதல் உலகப்போர் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டனுக்காகக் கடல் கடந்தார்கள். இவ்வளவு செய்த பிறகு ஏதாவது கொடுக்க வேண்டாமா? 1918-ல் லண்டனில் நடந்த சாம்ராஜ்யப் போர் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் எஸ்.பி.சின்ஹா பேசினார். ஒரு தீர்மானம் நிறைவேறியது. குடியேற்ற நாடுகளில் நிரந்தரமாக வசிக்கும் இந்தியர் தம் மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். மனைவி ஒருத்திதான், அவள் பிள்ளைகள் மட்டும்தான் என்று நிபந்தனை.

நம்மவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். 1922-ல் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கிருந்த இந்தியர்களுக்கு நியாயம் கேட்டுப் பேசினார். ஆனால் அந்தத் தீர்மானத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள். மனைவி உண்டு, பிள்ளை உண்டு... அம்மா எங்கே? கூட்டுக் குடும்பத்துக்குப் பேர்போன தேசத்தின் பெயரால் வந்த தீர்மானம் அது!

இதே சமயத்தில்தான் நம்ம புதுக்கோட்டை ராஜாவின் கதையும் நடக்கிறது. சாதாரண இந்தியன் நுழைய முடியாத ஆஸ்திரேலியாவுக்கு 1915-ல் விருந்தாளியாகப் போனார் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் காதலித்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் மெல்போர்னில் கல்யாணமும் செய்துகொண்டார். மனைவியோடு புதுக்கோட்டை வந்தார். ஊர் வேடிக்கை பார்த்தது. ஆனால் பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாக ஏற்க மறுத்துவிட்டது. கர்ப்பமாக இருந்த மோலிக்கு உடம்புக்கு முடியாமல் போக, யாரோ அரளி கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வேறு. சில மாதங்களில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். 1916-ல் பிறந்த மகனுக்குப் பிறந்த ஊரின் பெயரையே சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். அவன் வாரிசு இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. 1928-ல் ராஜா பாரிஸில் இறந்தார். லண்டனில் தகனம் நடந்தது. ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் கட்டினார்கள்.

ஒரு ராஜாவுக்கே 'உன் குடும்பம் யார்' என்பதை மேலே இருக்கிற ஒருவர்தான் முடிவு செய்தார் என்றால், கொழுந்துக் கூடை சுமக்கிறவர் எந்த மூலை?

*

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் போட்டு, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-ல் இன்னொரு சட்டம். குடியுரிமை வேண்டுமா? கல்யாணமானவர் 7 ஆண்டு, ஆகாதவர் 10 ஆண்டு தொடர்ந்து அங்கே வசித்ததாக நிரூபிக்க வேண்டும். மனைவியும் மைனர் பிள்ளைகளும்கூட அங்கேயே வசித்திருக்க வேண்டும்.

ஒருமுறை ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் 'தொடர்ந்து' என்பது அறுந்துபோகும். புதுக்கோட்டைப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடக்கிற அம்மாவைப் பார்க்க வந்து, காரியம் முடித்து, சொத்துப் பிரச்னை தீர்த்துவிட்டுத் திரும்ப ஒரு வருஷம் தாண்டிவிட்டதா? போச்சு! இங்கே அம்மாவை அழைத்துக்கொள்வது இரண்டாம் பிரச்னை. ஊரில் அம்மா இருப்பதே ஆபத்து என்று ஆகிவிட்டது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனு போட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

மிச்சம் இருந்தவர்களை இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 1964 அக்டோபர் 30. லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிபட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தியா வருகிறவர்களுக்கு ஒரு குடும்ப அட்டை கொடுத்தார்கள். யாருடைய பெயர் எந்த மனுவில் இருக்கிறதோ அதுதான் குடும்பம். கல்யாணமாகித் தனி மனு போட்ட மகன் தனிக் கணக்கு. அம்மா அப்பாவுக்கு இந்தியா, மகனுக்கு இலங்கை என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ! மலையகத்தில் ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். தலைமன்னாருக்குப் போகிற கோச்சி கிளம்பும்போது அட்டன் ஸ்டேஷனில் எழுந்த அழுகையைப் பற்றி மலையகத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தப் பக்கம் தலைமன்னார், இந்தப் பக்கம் ராமேஸ்வரம். நடுவில் கண்ணுக்கு எட்டிய தூரத்துக் கடல். அதைத் தாண்டி அம்மாவைப் பார்க்க பாஸ்போர்ட், விசா, பணம்... தோட்டத்துக் கூலிக்கு எது முடியும்? 1984-ல் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

மலாயா, சிங்கப்பூர்க் கதை வேறு மாதிரி. 1953 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சட்டம், தேவையான திறமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இனி கதவு என்றது. ஆனால் அங்கேயே இருந்தவர்களில் பலருக்குக் குடும்பம் ஊரில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 'ரஜூலா' கப்பலில் வந்து, நாலு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். சிங்கப்பூரில் 1959-ல் வந்த திருத்தம் அவர்கள் தலையில் இடியாக இறங்கியது. கணவனைப் பிரிந்து தொடர்ந்து 5 ஆண்டு வாழ்ந்த மனைவிக்கு அனுமதி இல்லை. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் இல்லை. மனைவி மக்களுக்கே இந்தக் கதி என்றால் அம்மாவைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மலேசியாவில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்று சொல்வதற்கே மனசு வரவில்லை. அங்கே குடிமகனுக்கு நீல அடையாள அட்டை. நிரந்தரமாக வசிக்கும் வெளிநாட்டவருக்குச் சிவப்பு அட்டை. சின்ன வயதில் கல்யாணமாகியோ, பெற்றோரோடோ கப்பலேறிப் போய், ரப்பர்க் காட்டில் பால் வெட்டியே கிழவியான தமிழ் அம்மாக்கள் பலர் கையில் கடைசிவரை சிவப்பு அட்டைதான். பெற்ற பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் நீல அட்டை! மலாய் மொழித் தேர்வு ஒரு தடை, பேப்பர் இல்லாதது இன்னொரு தடை. 60 வயதைத் தாண்டிய இந்திய வம்சாவளியினரின் இந்தப் பிரச்னையைத் தீர்ப்பதாக மலேசிய அரசு 2018-ல் அறிவித்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

*

சரி, சட்டப் புத்தகத்தில் அம்மா குடும்பத்துக்குள் எப்போதுதான் வந்தார்?

இதில் பெரிய திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. 1917-ல் ஆசியாவின் பெரும்பகுதிக்கே கதவைச் சாத்திய நாடு அது. 1946-ல் லேசாகத் திறந்து, வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம் என்றது. எழுத்துப் பிழை இல்லை, நூறு பேர்தான்! 1952 சட்டம் குடிமக்களின் பெற்றோருக்கு முன்னுரிமை கொடுத்தது. ஆனால் அந்த நூறுக்குள்தான் அவர்களும் வரிசையில் நிற்க வேண்டும்.

பிறகு 1965. நாட்டுக்கு நாடு வேறு ஒதுக்கீடு என்பதை ஒழிக்கும் மசோதா வந்தது. வருகிறவரின் திறமைக்கு முதலிடமா, உறவுக்கு முதலிடமா என்று சண்டை. மைக்கேல் ஃபீகன் என்று ஒஹையோவைச் சேர்ந்த எம்.பி. ஒருவர், உறவுக்குத்தான் முதலிடம் என்று பிடிவாதமாக நின்றார். மனிதாபிமானமா? அதைவிட, அதில் ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்காவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். உறவினரைக் கூப்பிடு என்றால் அவர்கள் ஐரோப்பியரைத்தானே கூப்பிடுவார்கள்? கதவு திறந்த மாதிரியும் இருக்கும், கலர் மாறாமலும் இருக்கும்!

1965 அக்டோபர் 3. சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை என்றும் சொன்னார். குடிமகனின் கணவன் அல்லது மனைவி, மைனர் பிள்ளைகள், இவர்களோடு பெற்றோரும் 'மிக நெருங்கிய உறவு' என்றது அந்தச் சட்டம். இவர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடே இல்லை. அம்மா ஒருவழியாகக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார்!

ஃபீகனின் கணக்கு என்ன ஆயிற்று? வசதி வந்த ஐரோப்பாவிலிருந்து வருவது குறைந்தது. டாக்டராகவும் இன்ஜினீயராகவும் போன ஆசியர்கள் குடியுரிமை வாங்கி, உறவுகளை அழைத்தார்கள். கலர் மாறாமல் இருக்கப் போட்ட விதியில் ஏறித்தான் நம்ம லெட்சுமி அம்மாக்கள் நியூஜெர்ஸியில் போய் இறங்கினார்கள். இப்போது குடிமக்களின் பெற்றோர் என்ற வகையில் மட்டும் உலகம் முழுவதிலுமிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிரீன் கார்டு பெறுகிறார்கள்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஸ்பான்சர் செய்கிற பிள்ளைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். முக்கியமாக, அவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். வெறும் கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவியையும் கல்யாணமாகாத பிள்ளைகளையும் அழைக்கலாம், பெற்றோரை முடியாது. அதாவது, ஆத்தாவை அழைக்க வேண்டுமென்றால் மகன் முதலில் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும்! பிறகு அம்மாவைக் காப்பாற்ற வருமானம் இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். 1996-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது வெறும் வாக்குறுதி இல்லை, கோர்ட்டில் கேட்கக்கூடிய ஒப்பந்தம்.

இன்னொரு நிபந்தனை சுவாரஸ்யம். கிரீன் கார்டு வாங்கிய அம்மா, முன் அனுமதி இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஊரில் தங்கினால் கார்டு செல்லாமல் போய்விடலாம். ஆறு மாதம் தாண்டினாலே ஏர்போர்ட்டில் கேள்வி. திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவர், பேத்தி கல்யாணம், முழங்கால் வைத்தியம் என்று இழுத்துவிட்டால் வம்புதான். அதே 12 மாதம்! 1949-ல் இலங்கை வைத்த கெடு ஞாபகம் வருகிறதா? அன்றைக்கு அம்மாவைப் பார்க்க வந்த மகனுக்கு அந்தக் கெடு. இன்றைக்கு ஊரைப் பார்க்க வந்த அம்மாவுக்கு.

மற்ற நாடுகளும் அம்மாவைச் சேர்த்துக்கொண்டன, ஆளுக்கொரு பூட்டோடு. கனடா 2011-ல் பெற்றோர் மனுக்களையே சில காலம் நிறுத்திவைத்தது. பிறகு குலுக்கல் வைத்தது. 2019 ஜனவரி 28 அன்று 'முதலில் வருபவருக்கு முன்னுரிமை' என்று இணையத்தில் திறந்தார்கள். 27,000 இடமும் சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. டைப்பிங் வேகமாக வராத மகனின் அம்மாவுக்கு இடமில்லை! ஆஸ்திரேலியா பிள்ளைகளை எண்ணச் சொல்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேராவது அங்கே இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். நாலு பிள்ளை பெற்று, ஒருவனை மட்டும் சிட்னிக்கு அனுப்பி, மூன்று பேரை ஊரில் வைத்திருக்கிற அம்மா தேறமாட்டார். தேறினாலும் சாதாரண வரிசையில் 30 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 70 வயதில் மனு போட்டால் 100 வயதில் விசா. சீக்கிரம் வேண்டுமென்றால் தனி வரிசை. ஒரு ஆளுக்கு நம்ம பணத்தில் 25 லட்சத்துக்கு மேல் கட்டணம், அதற்கும் பல வருஷக் காத்திருப்பு. பிரிட்டனோ 2012 ஜூலையிலிருந்து வேறு விதமாகச் சொல்கிறது. அன்றாட வேலைகளுக்கே அடுத்தவர் உதவி தேவைப்படும் நிலையில் அம்மா இருக்க வேண்டும். அந்த உதவி சொந்த நாட்டில் கிடைக்காது, அல்லது கட்டுப்படியாகாது என்றும் நிரூபிக்க வேண்டும். நடமாடுகிற அம்மாவுக்கு விசா கிடையாது!

*

'வெள்ளைக்காரனே இப்படித்தான் சார்' என்று நீங்கள் முடித்துவிடுவதற்குள் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

நம் நாட்டில் 2007-ல் ஒரு சட்டம் வந்தது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. தவறினால் தீர்ப்பாயத்தில் வழக்கு. பராமரிக்க வேண்டியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆக, இங்கே இருக்கிற சட்டம் 'அம்மாவைப் பார்த்துக்கொள்' என்று மகனுக்குச் சொல்கிறது. மகன் இருக்கிற ஊர்ச் சட்டம் 'உன் குடும்பத்தில் அம்மா கிடையாது' என்றோ, 'வரிசையில் நில்' என்றோ சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் அறந்தாங்கிப் பக்கத்து மாடி வீடு இருக்கிறது.

அப்படியானால் நம்ம நாட்டுக் குடியுரிமைச் சட்டத்தில் அம்மாவுக்கு என்ன இடம்? எடுத்துப் பார்த்தால் திக்கென்றிருக்கும். இந்தியக் குடிமகனை மணந்தவர், குறிப்பிட்ட காலம் இங்கே வசித்த பிறகு, பதிவு செய்து குடியுரிமை கேட்கலாம். குடிமகனின் மைனர் பிள்ளைக்கு வழி உண்டு. குடிமகனின் தாய் தகப்பன் என்று ஒரு பிரிவு...? கிடையாது! 1918 தீர்மானத்தின் அதே குடும்பம்தான்.

இது ஏதோ புத்தகத்தில் கிடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்று மூன்று ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்கள் இப்படிப்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். தமிழக முகாம்களில் இருப்பவர்களில், ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தே தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரன் பேத்திகளும் உண்டு. முகாமில் பிறந்த பிள்ளை, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டால் அதற்குப் பிறக்கும் பேரனுக்கு ஓட்டுரிமைகூடக் கிடைக்கலாம். பாட்டிக்கு? முப்பது, நாற்பது வருஷமாக இதே மண்ணில் இருந்தும் அவர் 'வெளிநாட்டவர்'தான். அவரை ஸ்பான்சர் செய்ய இங்கே ஒரு படிவமும் இல்லை.

கங்காணி காலத்தில் பலம் இருக்கிறவரை அம்மா வரலாம் என்றார்கள். லண்டன் மாநாட்டில் அவரை மறந்தார்கள். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் அவரை எண்ணிக்கையாகப் பிரித்தார்கள். அமெரிக்கா வேறு ஒரு கணக்குப் போட்டு, தெரியாமல் அவருக்குக் கதவைத் திறந்தது. இத்தனைக்கும் நடுவில், எந்தக் காலத்திலும் எந்த ஆபீஸிலும், அந்த அம்மாவிடமே 'நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்?' என்று ஒரு கேள்வி கேட்டதாக நான் படித்த எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்தக் கேள்விக்கு மட்டும் படிவம் தேவையில்லை, கட்டணம் இல்லை, வரிசையும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நீங்களே கேட்டுப் பாருங்களேன். 'நான் வந்து அங்க என்னடா பண்ணப்போறேன்?' என்றுதான் முதலில் வரும். அவசரப்பட்டு போனை வைத்துவிடாதீர்கள்... அதற்கு அப்புறமும் அவர் ஏதாவது சொல்வார்.